குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு

"உள்ள வரலாமா மா?"

"வாங்கக்கா. செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க. தூசி பட்டா மிஷின் படுத்துக்கும். மிஷின் படுத்துக்கிச்சின்னா மேனேஜர் தன்சீல் சார் என்னைப் படுத்தி எடுப்பாரு."

முனவ்வர் பேகம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியில் சேர்ந்து பத்தொன்பது வருஷமாகியும் கம்ப்யூட்டர் ரூமுக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. தோல் வாடையே இல்லாத ஓர் அறை இந்தக் கம்பெனிக்குள் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

ஷர்மிளா கணியம்பாடிப் பெண். படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆம்பூரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். சனிக்கிழமை ஆனால் போதும், மூன்று மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வேலூர் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போக வேண்டும். அன்றும் சனிக்கிழமை. மணி இரண்டே முக்கால்.

"பழைய சாஃப்ட்வேரை இன்னிக்கு மூடிடுறாங்களாமே?"

"நாலு மணிக்கு மூடிடுவாங்க. திங்கக்கெழமையிலேர்ந்து எல்லாம் புதுசு. லாட் நம்பரும் கிரேடும் புதுசுக்குப் போய்டும்."

"ரிமார்க்ஸ்?"

"அது போவாதுக்கா. அதுல முக்கால்வாசி குப்பைன்னு சார் சொல்லிட்டாரு. பழைய மிஷினையே சுத்தமா அழிச்சித் திருப்பிக் குடுக்கப் போறாங்க."

முனவ்வர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அந்தக் குப்பையில எனக்கு ஒண்ணு தேடிக் குடுக்கணும் மா."

"இன்னா தேடணும்?"

"என் கூட்டாளி எனக்கு ஏதாவது எழுதினாளா, இல்லையான்னு."

ஷர்மிளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முனவ்வர் சொல்லித்தான் ஆக வேண்டும். பதினோரு வருஷமாக யாருக்கும் சொல்லாததை இந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் கடிகாரம் வெட்கத்துக்கெல்லாம் நிற்குமா?

கூட்டாளி என்றது அமிர்தவள்ளியை. பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். இரண்டு பேரும் பேக்கிங்கில் ஒன்றாகச் சேர்ந்து, எட்டு வருஷம் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். கை சுத்தம், கண் சுத்தம் என்று இரண்டு பேரையும் தோல் பரிசோதனை மேஜைக்கு மாற்றினார்கள். அங்கேதான் வந்தது வினை. இரண்டு பேருக்கும் மேஜை ஒன்று, ஷிஃப்ட் இரண்டு. இவள் காலை என்றால் அவள் மதியம். அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தோலில் குறி போடும் வெள்ளிப் பென்சிலைக் கைமாற்றிக்கொள்ளத்தான் நேரம் இருக்கும். போனைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் வீடு இருக்கிறது. வீட்டுக்குள் எந்தப் பெண் உட்கார்ந்து கூட்டாளியோடு பேசிவிட முடிகிறது?

மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒவ்வொரு கட்டுத் தோலையும் பார்த்து முடித்ததும் கிரேடு போட்டு, ரிமார்க்ஸ் பெட்டியில் குறை என்ன என்று எழுத வேண்டும். ஓட்டை, உண்ணிக்கடி, கத்திக் கீறல் என்று ஏதாவது. பெட்டியைக் காலியாக விட்டால் அடுத்த கட்டுக்குப் போகவே விடாது. குறை இல்லாத கட்டுக்கு மற்ற மேஜைக்காரர்கள் இங்கிலீஷில் 'நில்' என்று அடித்துவிட்டுப் போவார்கள்.

"ஒரு நாளு நான் மத்தியான ஷிஃப்டுக்கு வந்து பாக்குறேன், அந்தப் பெட்டியில இங்கிலீஷ் எழுத்துல தமிழ்ல எழுதி வெச்சிருக்கா. 'ஃபேன் சத்தம் போடுது, தலைக்கு நேரா உக்காராத'ன்னு."

ஷர்மிளா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத. அதுலேர்ந்து தினம் எழுதுவோம். அவ பையன் பரீட்சையில பெயிலானது, எங்க வீட்ல குக்கர் வெடிச்சது, எல்லாம் அதுல இருக்குது."

"யாரும் பாக்கலியாக்கா?"

"தன்சீல் பாய் வாராவாரம் எடுக்குற லிஸ்டுல ஏ, பி, சின்னு எழுத்துலயோ நம்பர்லயோ ஆரம்பிக்கிறது மட்டும்தான் வரும். அதனால முன்னால ஒரு குறி போட்டுட்டா நம்ம சமாச்சாரம் அதுல வராது. அமிர்தம்தான் கீபோர்டைத் தேடித் தேடிப் பாத்து அந்தப் பர்சன்ட் குறியைக் கண்டுபுடிச்சா. 'இதப் பாருடி, ரெண்டு பழம், நடுவுல ஒரு குச்சி. இதான் நம்ம பழம்'னு."

"பழம்னா? பசங்க விளையாடுவாங்களே, காய், பழம். அதுவா?"

"அதேதான். ரெண்டும் கெழவியாகப் போற வயசுல காய், பழம்! சண்டைன்னா காய். அதுக்குக் கீபோர்டுல இருக்குற கீழ் கோடு. வாயை இறுக்கி மூடிக்கிட்ட மாதிரி இருக்கும், பாத்திருக்கியா? சண்டையில எழுதினாலும் கோடு போட்டுத்தான் எழுதுவோம். 'காய், சாவியை டிராயர்ல வெச்சிருக்கேன்', 'காய், சாப்பாடு நல்லா இல்ல'. அப்படி."

"காய் விட்டுட்டுப் பேசுவீங்களா?"

"பேசாம எப்படி மா இருக்கறது? ஆனா சட்டம் ஒண்ணு உண்டு. காய் விட்டவதான் மொதல்ல பழம் விடணும். இன்னொருத்தி எவ்ளோ தவிச்சாலும் விடக் கூடாது."

அதைச் சொல்லும்போது முனவ்வரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஐந்து மாசத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. கறுப்பு ஆட்டுத்தோல் கட்டு ஒன்றை அமிர்தம் பாஸ் பண்ணியிருந்தாள். அதே கட்டைத் திரும்பப் பார்த்து முனவ்வர் தள்ளிவிட்டாள். வாங்க வந்த ஆள் நின்றுகொண்டிருக்கும்போதே தன்சீல் அகமது இரண்டு பேரையும் கூப்பிட்டு, எது சரி என்று கேட்டார். முனவ்வர் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "அவளுக்குக் கண்ணு பேஜாராயி ரெண்டு வருஷமாவுது சார்." அது உண்மை. ஆனால் அந்த உண்மை அமிர்தம் பழம் போட்டு இவளுக்கு மட்டும் எழுதியது. தெரிந்தால் மேஜையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, இவளைத் தவிர யாரிடமும் சொல்லாதது.

அடுத்த ஷிஃப்டில் அமிர்தம் எழுதியிருந்தாள், பழம் போட்டே எழுதியிருந்தாள்: 'அதை நீ சொல்லியிருக்கக் கூடாது.'

"நான் இன்னா பண்ணியிருக்கணும்? மன்னிச்சுடுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கணுமில்ல? தப்பு பண்ணவளுக்குத்தான் ரோஷம் ஜாஸ்தி. 'உண்மையைத்தான சொன்னேன்'னு காய் விட்டுட்டு வந்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை அவள் புருஷன் அப்துல் ஹமீத் இறந்துபோனார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அமிர்தம் முதல் பஸ்ஸில் வந்தாள். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து முனவ்வரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கத்துக்கு மையத்தை எடுத்தபிறகு எழுந்து போனவள்தான். புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். முனவ்வர் இருந்தாள். அமிர்தம் திரும்ப வரவில்லை.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா?"

"பண்ணியிருக்கலாம்."

"நான் உங்களைத்தான் கேக்குறேன்."

"நானுந்தான். போனைக் கையில எடுப்பேன். அவளா பண்ணட்டும்னு வெச்சிடுவேன். நாள் நெறைய இருக்குதுன்னு நெனச்சேன் மா."

மூன்றாவது மாசத்தில் ஒரு நாள் பேக்கிங் ராஜம்மாள் போன் பண்ணினாள். அமிர்தவள்ளி போய்விட்டாள், வேலூர் ஆஸ்பத்திரியில் ரெண்டே நாள்தான் இருந்தாள், நாளைக்குப் பள்ளிகொண்டாவில் எடுக்கிறார்கள் என்று. முனவ்வர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். மாமியார் ஹலீமா பீ கதவுக்குக் குறுக்கே கையை வைத்தார். "இத்தாவுல இருக்கிறவ எங்க கிளம்பிட்ட? ஊரு இன்னா சொல்லும்?" என்றார். ஊர் என்ன சொல்லும் என்று முனவ்வருக்குத் தெரியாது. அமிர்தம் என்ன சொன்னாள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இத்தா முடிந்து இந்த வாரம்தான் வேலைக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாக மேஜைக் கம்ப்யூட்டரில் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முப்பது நாள் சமாச்சாரம்தான் தெரிந்தது. அதற்கு முந்தியது வேண்டுமென்றால் தேடிப் பார்க்க வேண்டுமாம்.

"தேடுற பெட்டியில அந்தப் பழத்தைப் போட்டுப் பாத்தேன் மா. ஊர்ல இருக்கிற அத்தினி ரிமார்க்ஸும் வந்து நிக்குது. பாத்துக்கிட்டே போறேன், கை வலிக்குது, முடியவே இல்ல."

"இருங்க, நான் பாக்குறேன்."

ஷர்மிளா தன் திரையில் தேடும் பெட்டியைத் திறந்து பர்சன்ட் குறியை அடித்தாள். மூன்று லட்சத்துப் பதினாலாயிரம் வரி என்று வந்தது.

"பாத்தியா?"

"ஐயோ அக்கா!" ஷர்மிளா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஒளிச்சு வைக்கிறதுக்கு இதைவிட நல்ல இடமே கெடையாது. இந்தக் குறிக்குக் கம்ப்யூட்டர்ல வேற வேலை இருக்குது. 'இந்த இடத்துல எது வேணா இருக்கலாம்'னு அர்த்தம். நீங்க பழத்தைத் தேடுன்னு சொல்றீங்க. அது 'எதுவா இருந்தாலும் கொண்டா'ன்னு எடுத்துக்குது. எல்லாத்தையும் வாரிக் கொட்டுது."

"அதுக்கு அந்தக் குறியே தெரியாதா?"

"தெரியும். ஆனா அதை ஒரு எழுத்தா பாக்காது. வேலைக்காரனா பாக்கும். 'டேய், இன்னிக்கு நீ வேலை செய்யாத, சும்மா நில்லு'ன்னு நாம சொல்லணும். முன்னால இந்தச் சாய்கோட்டைப் போட்டா அதுதான் அர்த்தம். பெட்டியில போட்டா ஆவாது, கேள்வியை நேரா எழுதணும்."

கறுப்பாக ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. ஷர்மிளா என்னவோ அடித்தாள். பின்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று, அதன் பின்னால் பழம்.

நாற்பதாயிரம் வரி வந்தது.

"இதுவும் ஜாஸ்தியா இருக்குதே."

"இது மத்தவங்க எழுதினதுக்கா. 'எண்பது பர்சன்ட் தேறும்', 'எழுபது பர்சன்ட் தேறும்'னு எழுதியிருக்காங்க பாருங்க. உங்களுது மொத எழுத்தே பழமா இருக்கணும், இல்லையா?"

"ஆமா. மொதல்லயே இருக்கும்."

மறுபடி அடித்தாள். இந்த முறை நாலாயிரத்து நூற்றி இருபத்தேழு. ஷர்மிளா முதல் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "'பழம், ரம்ஜானுக்குப் புடவை எடுத்தியா, கலரைச் சொல்லு.'"

முனவ்வர் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். பதினோரு வருஷம் அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது.

"கடைசி நாலு மாசம் மட்டும் பாரு மா. நான் இல்லாதப்போ."

ஷர்மிளா தேதி போட்டாள். முனவ்வர் இத்தாவில் உட்கார்ந்த நாளிலிருந்து அமிர்தம் ஆஸ்பத்திரிக்குப் போன நாள்வரை. அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

"நல்லாப் பாரு."

"சைபர்னு வந்திருக்கு. ஒரு வரிகூட இல்ல."

முனவ்வர் தலையை ஆட்டினாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்பதுபோல. பதினோரு வருஷம் எழுதினவள் கடைசியில் ஒன்றுகூட எழுதவில்லை. எழுத மனசு வராதபடிதானே இவள் செய்துவிட்டு வந்தாள்? எழுந்து கதவுவரை போனாள். ஒரு செருப்பில் கால் நுழைந்துவிட்டது, இன்னொன்றில் நுழையவில்லை. நின்றாள்.

"ஷர்மி."

"அக்கா?"

"அவளால பழம் விட முடியாது மா."

"ஏன்?"

"காய் விட்டது நான். நான் இன்னும் பழம் விடலியே. சட்டப்படி அவ எப்படி விடுவா? அவ சட்டத்தை மீற மாட்டா. பஸ் சும்மா நின்னாக்கூட டிக்கெட் எடுக்கிறவ அவ. அந்தக் கீழ் கோட்டைப் போட்டுப் பாரு. கோட்டைப் போட்டுப் பாரு மா!"

ஷர்மிளா அவசர அவசரமாக அடித்தாள். திரையில் எண் வந்தது: எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.

முனவ்வர் ஒற்றைச் செருப்போடு திரையருகே ஓடி வந்தாள். "எட்டாயிரமா? இவ்ளோவா எழுதியிருக்கா?" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஒரு நாளைக்கு நூறு எழுதியிருப்பாளா மா? வேலை எப்படிப் பாத்தா?"

"இல்லக்கா, இல்லக்கா, அழாதீங்க. என் தப்பு. இந்தக் கோடும் அதே ஜாதிதான். பழம் எத்தினி எழுத்து வேணாலும் இழுத்துட்டு வரும். இது 'ஏதோ ஒரே ஒரு எழுத்து'ன்னு அர்த்தம். ஒரு எழுத்தாவது இல்லாத ரிமார்க்ஸ் எங்க இருக்குது? அதனால அத்தினியும் வந்துடுச்சி. இதுக்கும் சாய்கோடு போடணும். மறந்துட்டேன்."

"அப்போ அவ எழுதலியா?"

"இருங்கக்கா. ஒரு நிமிஷம் இருங்க."

அந்த ஒரு நிமிஷத்துக்குள் கதவு திறந்தது. தன்சீல் அகமது கையில் சாவிக்கொத்தோடு நின்றார்.

"இன்னா நடக்குது இங்க? முனவ்வரம்மா, மேஜையை வுட்டுட்டு இங்க இன்னா வேலை?"

"ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சி பாய். பஸ்ஸு அஞ்சரைக்குத்தான்."

"அது இன்னா திரையில?"

ஷர்மிளா முனவ்வரைப் பார்த்தாள். முனவ்வர் பொய் சொல்ல வாயைத் திறந்து, சொல்லத் தெம்பில்லாமல் உண்மையைச் சொன்னாள். "நானும் அமிர்தமும் ரிமார்க்ஸ்ல எழுதிக்கிட்டது பாய். அவ கடைசியா இன்னா எழுதினான்னு பாக்கணும்."

"எழுதிக்கிட்டதா? கம்பெனி மிஷின்லயா? எத்தினி நாளா?"

"பதினோரு வருஷமா."

தன்சீல் அகமது சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். திரையில் இருந்ததைக் குனிந்து படித்தார். "காய், பழமா? கம்பெனியா இது, பால்வாடியா?" என்றார். அப்புறம், "பிரிண்ட் கிரிண்ட் எடுத்தீங்கன்னா நாளைக்கு ஆடிட்டுல என் தலைதான் உருளும். எடுக்கக் கூடாது. படிச்சுட்டுப் போங்க. நாலு மணின்னா நாலு மணி. ஒரு நிமிஷம் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, போன் அடிக்கவே அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "டிரைவரு இன்னுமா வரல?" என்று அவர் யாரையோ திட்டுவது வராந்தாவின் கோடிவரை கேட்டது.

மணி மூன்று இருபது.

ஷர்மிளா சாய்கோடு போட்டு, அதன் பின்னால் கீழ் கோடு போட்டு, விரலை எடுத்தாள்.

"ஐம்பத்து மூணு."

"அவளுதா?"

"மொத எழுத்தே கோடு. நம்ம மேஜை லாகின். உங்க எடத்துல வந்த புதுப் பொண்ணு 'நில்'லைத் தவிர ஒண்ணும் எழுதறதில்ல. இது வேற யாருதுக்கா?"

முனவ்வர் உட்கார்ந்தாள். இந்த முறை நாற்காலி நிறைய உட்கார்ந்தாள்.

"நீங்களே படிக்கிறீங்களா?"

"வேணாம் மா. கண்ணுல தண்ணி நிக்குது, எழுத்து நிக்காது. நீ படி. பேசற மாதிரி படி."

"ஒரு தாள்ல எழுதிக்கலாமேக்கா?"

"எழுத ஒக்காந்தா நாலு மணி ஆயிடும். அப்புறம் கேக்கறது எப்போ? நீ படி."

ஷர்மிளா படித்தாள்.

"'காய். ஒரு வாரம் பேக்கிங்ல உக்கார வெச்சாங்க. இன்னிக்குக் கண்ணாடி வந்துடுச்சி. திரும்ப மேஜைக்கு வந்துட்டேன். உண்ணிக்கடி ஆறடி தூரத்துல தெரியுது. நீ சொன்னது உண்மைதான். சொன்னதுதான் தப்பு.'"

"தப்புதான்" என்றாள் முனவ்வர்.

ஷர்மிளா திரும்பிப் பார்த்தாள். முனவ்வர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஷர்மிளா அடுத்ததைப் படித்தாள்.

"'காய். உன் எடத்துக்கு ஒரு புதுப் பொண்ணு வந்திருக்கா. தோலைத் தடவிப் பாக்க மாட்டேன்றா. ரெண்டு விரல்ல தூக்கிப் புடிக்கிறா, எலியைத் தூக்கற மாதிரி.'"

"அவளை நான் பாத்தேன் இந்த வாரம். இப்போ பரவாயில்ல."

"'காய். மழை புடிச்சுக்கிச்சு. உங்க மாடியில துணி காயப்போட்டிருந்தா எடு. ஓ, நீ வீட்லதான இருக்க. எடுத்திருப்ப.'"

"எடுத்தேன்."

"'காய். பையன் வேலைக்குப் போய்ட்டான். ராணிப்பேட்டை. சம்பளம் கம்மி, ஆனா பேண்ட் சட்டை போட்டுக்கிட்டுப் போறான். மொதல்ல உனக்குத்தான் சொல்றேன்.'"

"அடி என் கண்ணு!" என்றாள் முனவ்வர். "அந்தத் தடியனுக்கா வேலை கெடச்சுது?"

ஷர்மிளாவுக்கு ஆரம்பத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாற்றமாக இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அமிர்தம் அவள் இஷ்டத்துக்குத் தமிழை அடித்து வைத்திருந்தாள். பத்து, பதினைந்து வரி போனதும் அந்தத் தமிழ் பிடிபட்டுவிட்டது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே வெடுக்கென்று நிறுத்த வேண்டும் என்று தானாக வந்தது. முனவ்வர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சிலதற்கு 'ம்' என்று மட்டும். ஹமீத் பாயைப் பற்றி எழுதியிருந்த ஒரு வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். 'அவரு என்னை எப்பவும் சம்பந்தியம்மான்னுதான் கூப்புடுவாரு, எந்தச் சம்பந்தமும் இல்லாமலே' என்று அதில் இருந்தது.

"'காய். இன்னிக்கு உங்க தெரு வரைக்கும் வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சி. கையைத் தூக்கிட்டேன், தட்டல. காய் விட்டவ நீ. நான் எப்படித் தட்டறது? முக்குக் கடையில மாதுளம்பழம் குடுத்து, உங்க வீட்ல குடுக்கச் சொல்லிட்டு வந்தேன். குடுத்தானா?'"

முனவ்வர் நிமிர்ந்தாள். "வந்தாளா? வாசல் வரைக்கும் வந்தாளா?"

"அப்படித்தான் இருக்குதுக்கா."

"அந்தப் பாவி குடுக்கவே இல்லியே! ஒரு பழம்கூடக் குடுக்கலியே!" என்று எழுந்தே விட்டாள், முக்குக் கடைக்காரன் இந்த அறைக்குள்ளேயே நிற்பதுபோல. பிறகு உட்கார்ந்தாள். "நான் உள்ளதான்டி இருந்தேன். சும்மாதான் ஒக்காந்திருந்தேன். தட்டியிருக்கலாமில்ல?"

இதற்கு அடுத்த வரி பதில் சொல்லவில்லை. அது எப்படிச் சொல்லும்? "'காய். நாள் எண்ணிக்கிட்டு வர்றேன். இன்னியோட அறுபத்தாறு. பாதி தாண்டிட்ட'" என்று இருந்தது.

ஷர்மிளா படிப்பதை நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"நீ ஏன் மா அழற? உனக்கு பஸ் இருக்குது. படி."

"'காய். நீ வந்ததும் மொதல்ல பழம் விடு. அப்புறம் உன்னை நல்லாத் திட்டணும், பாக்கி நெறைய இருக்கு. காய்ல இருக்கும்போது திட்டினா ஒட்டாது.'"

"திட்டு. எவ்ளோ வேணாலும் திட்டு."

"அக்கா." ஷர்மிளா தயங்கினாள். "இன்னும் மூடல. எழுதற பக்கம் திறந்துதான் இருக்கு. நீங்க இப்போ ஒரு பழம் போடறீங்களா? நான் எடுத்துத் தர்றேன்."

முனவ்வர் அந்தத் திரையைப் பார்த்தாள். கை கொஞ்சம் முன்னால் வந்தது. பிறகு மடியிலேயே தங்கிவிட்டது.

"நாலு மணிக்குக் குழி தோண்டிப் பொதைக்கிற பொட்டியில பழத்தை வெச்சி இன்னா மா பண்றது? யாரு எடுத்துப் பாக்கறது? வேணாம். அவ பேசிக்கிட்டு இருக்கா, நடுவுல நாம பூரக் கூடாது. மிச்சத்தைப் படி."

மிச்சம் ஏழு வரிதான் இருந்தது. அதில் இரண்டு, மூச்சு வாங்குகிறது, மேஜைப்பக்கம் ஸ்டூல் கேட்டேன், தரமாட்டேன் என்கிறார்கள் என்று. ஒன்றில் பள்ளிகொண்டா கோயிலில் கூட்டம் என்று. ஒன்றில் புதுப் பெண் இன்றைக்குத்தான் தோலைத் தடவிப் பார்த்தாள், கையில் மருதாணி, தோல் நன்றாக இருக்கிறது என்று அவளாகவே சொன்னாள் என்று. ஷர்மிளா மெதுவாகப் படித்தாள். வேலூர் பஸ் அவள் ஞாபகத்திலேயே இல்லை. கடைசி வரிக்கு வந்தபோது அதை முதலில் தனக்குள் ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னா மா? படி."

"'காய். நாளைக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போறேன். பெருசா ஒண்ணும் இல்ல. வந்து சொல்றேன்.'"

"ம்."

"அவ்ளோதான்க்கா. முடிஞ்சிடுச்சி."

முனவ்வர் துப்பட்டாவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அமிர்தம் பஸ் படியில் ஏறிக்கொண்டிருப்பதுபோலவும், ஜன்னலோரம் இடம் கிடைக்கிறதா என்று இவள் கீழேயிருந்து பார்ப்பதுபோலவும் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள்.

"சரிடி. பாத்துப் போய்ட்டு வா" என்றாள்.

வராந்தாவில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் வராமல் வேறெங்கோ திரும்பிப் போயிற்று. ஷர்மிளா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்குதுக்கா."

"அப்போ மொதல்லேர்ந்து படி மா."